பேரிளம்பெண்ணுக்குப் பின்

பெண்ணின் வாழ்வைப் பருவங்களாக வகுத்துப் பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களைப் பாட்டியல் நூல்கள் வரையறுக்கின்றன. உலா இலக்கியங்கள் அவ்வரையறையையே தமது கட்டமைப்பாகக் கொள்கின்றன. வயதெல்லைகளில் நூலுக்கு நூல் வேறுபாடு காணப்படினும், பேரிளம்பெண்ணின் பருவம் நாற்பதோடு முடிவடைகின்றது என்பதே பெருவழக்கு. நாற்பத்தோராவது வயதில் அவள் என்னவாகின்றாள் என்ற வினாவுக்கு அந்நூல்களில் விடையில்லை. வீதியுலா வரும் தலைவனைக் கண்டு மயங்குதற்கு உரியவள் எவள் என்பதே அங்கு அளவுகோல் ஆதலின், அவ்வினா எழுவதற்கே இடமில்லாது போயிற்று எனலாம்.

இதற்குப் பின்னர் தமிழிலக்கியத்தில் நாம் எதிர்கொள்ளும் பெண் நரைத்துவிட்டவள். புறநானூற்றின் முதிய தாயரும், ஔவையாரும், உடலின் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரும் அத்தகையோரே. இளமைக்கும் நரைக்கும் இடையே நிற்கும் ஐம்பது வயதுப் பெண், வீட்டில் அனைத்தையும் நடத்துபவளாக இருந்தும், ஏட்டில் பெயரற்றவளாகவே இருக்கின்றாள்.

ஏட்டில் உள்ள இவ்வெற்றிடம் வழக்காற்றிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுமி பெரியபிள்ளையானாள் என்றால் அச்செய்தி ஊருக்கு அறிவிக்கப்படுகின்றது. மாமிமார் வந்து தண்ணீர் வார்க்கின்றனர். நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கத்தரிக்காய்க் கறியும் நாள் தவறாது கொடுக்கப்படுகின்றன. அவள் இடுப்பு வலுப்பெறவேண்டும் என்பதில் ஊர்க் கிழவியர் அனைவரும் அக்கறை கொள்கின்றனர். பின்னர் அவள் பிள்ளை பெற்றாள் என்றால் சரக்கரைத்த கறியும் பத்தியமும் வேது குளிப்பாட்டலும் காத்திருக்கின்றன. தொடங்குவதற்கு ஒரு சடங்கு, பயன்தருவதற்கு ஒரு சடங்கு. முடிவதற்கு மட்டும் எதுவுமில்லை. இனிக் கோயிலுக்குச் செல்வதற்கு நாட்கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி ஒன்றே அவளுக்குக் கிடைக்கும் வரவேற்பு. பல பெண்களுக்கு அது பெரிய நிம்மதியே என்பதையும் மறுத்தலாகாது.

இந்நிலைக்கு மேனாட்டினரும் நெடுங்காலம் பெயரிடவில்லை. பிரான்சிய மருத்துவரான கார்டான் என்பவர் 1821இல் 'மெனோபோஸ்' என்ற சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தார். மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக இன்று மருத்துவர் கொள்கின்றனர். இலங்கைப் பெண்களுக்கு இது ஏறத்தாழ ஐம்பது வயதில் நிகழ்கின்றது. ஆயின் துன்பம் அந்த நாளில் தொடங்குவதன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சூலகம் சுரக்கும் ஈஸ்திரசன் என்ற ஓமோன் ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் வரும். மாதவிடாய் சில வேளை இருமாதம் தவறும். சில வேளை அளவு கடந்து போகும். நெஞ்சிலிருந்து முகத்துக்குத் திடீரெனச் சூடு பரவி, வியர்வை பெருகி, சில நிமிடங்களில் குளிர் நடுக்கமாக அடங்கும். இரவில் இது நிகழ்ந்தால் உறக்கம் குலையும். மூட்டு நோவு, மறதி, காரணமற்ற எரிச்சல், அழுகை என்பனவும் தொடரலாம். ஐக்கிய அமெரிக்காவிற் பல இனத்துப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த 'சுவான்' ஆய்வு 2015இல் வெளியிட்ட முடிவின்படி, இச்சூட்டெழுச்சி அதனால் அடிக்கடி வருந்துவோரிடத்து நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். ஓரிரு மாதங்களிற் போய்விடும் என்று கூறும் ஆறுதல் எத்துணை பொருத்தமற்றது என்பதற்கு இவ்வெண் போதும்.

மூளையின் அடிப்பகுதியில் உடலின் வெப்பநிலையைச் சமன்செய்யும் ஒரு மையம் உண்டு. ஈஸ்திரசன் குறையும்போது அங்குள்ள சில நரம்புக் கலங்கள் அளவுக்கு மீறி விழிப்படைகின்றன. உடல் பொறுத்துக்கொள்ளும் வெப்பத்தின் எல்லை குறுகிவிடுகின்றது. அதனால் மிகச் சிறிய வெப்ப ஏற்றத்தையும் பெரும் வெக்கையெனக் கருதி, மூளை வியர்வையைத் திறந்துவிடுகின்றது. 'உடம்பிலே சூடு ஏறிப்போச்சு' என்று ஊர்ப்பெண்கள் சொல்வதும், நல்லெண்ணெய் வைத்து முழுகி, மோரும் இளநீரும் வெந்தயக் கஞ்சியும் குடிப்பதும் இந்த அனுபவத்தைச் சரியாகவே இனங்கண்டதன் விளைவு. அவர்களது விளக்கம் வேறாயினும் அவதானம் பிழையன்று. எண்ணெய் முழுக்கினால் நோயின் வேர் அறாது. எனினும் அன்று ஒரு பெண் தன் உடலுக்கென ஒரு மணிநேரத்தை ஒதுக்குகின்றாள். அந்த ஒரு மணிநேரம் எளிதிற் கிடைப்பதன்று.

வலிகாமத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கதை இவ்விடத்திற் பொருந்தும். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. கணக்குப் பாடத்தில் ஒரு நாளும் தடுமாறாதவர், கரும்பலகையின் முன் நின்று அடுத்த வரியை மறந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அத்தலைப்பு நனைந்தது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் நான்கு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கரைக்கு அடுப்பு மூட்டவேண்டும். இரண்டே ஆண்டுகளிற் சட்டைகள் அனைத்தும் இடுப்பில் இறுகிவிட்டன. சக ஆசிரியைகள் வேடிக்கையாகச் சொல்லும் வார்த்தைகள் வேடிக்கையாகக் கேட்கவில்லை. மகளுக்குத் தாய் சிடுமூஞ்சியாகத் தோன்றினார். கணவர் நல்லவர், ஆயினும் 'வயசு போனால் அப்பிடித்தான்' என்பதற்கு மேல் அவரிடம் சொல்லில்லை. தமக்கையிடம் ஒருநாள் வாய் திறந்தபோது, "இது இயற்கைதானே பிள்ளை. ஆருக்கும் சொல்லித் திரியாதை" என்ற மறுமொழி கிடைத்தது.

அடுத்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் ஒரு போத்தல் மாத்திரைகளைக் கையில் வைத்தார். "இது முழுக்க இயற்கையானது. பயப்பிடாமல் போடுங்கோ மச்சாள்" என்றார்.

ஒரே சொல் இருமுறை வந்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். தமக்கையின் வாயில் 'இயற்கை' என்பது பொறுத்துக்கொள் என்று பொருள்படுகின்றது. மச்சாளின் போத்தலில் அது வாங்கிக்கொள் என்று பொருள்படுகின்றது. முன்னது பேச்சை மூடுகின்றது. பின்னது பணப்பையைத் திறக்கின்றது. இரண்டுக்கும் நடுவே, இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பெண்ணை எவரும் விசாரிப்பதில்லை.

இயற்கை என்ற சொல்லை வைத்து ஒரு மருந்தை மதிப்பிட இயலாது என்பதற்கு ஓமோன் மருந்துகளின் வரலாறே நல்ல சான்று. 1942இல் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'பிறிமரின்' என்ற மாத்திரை, சினைப்பட்ட பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இயற்கையிலிருந்து வந்தது என்பதே தகுதியாயின் அதனினும் இயற்கையானதொன்றைக் கூறல் அரிது. மறுபுறத்தில், ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கின் பெயரால் விற்கப்படும் களிம்புகள் உள்ளன. அக்கிழங்கிலுள்ள பொருளிலிருந்து ஓமோன் செய்யலாம் என்பது உண்மை. 1940களில் அமெரிக்க இரசாயனவியலாளர் றசல் மார்க்கர் மெக்சிக்கோவில் அதனைச் செய்து காட்டினார். ஆனால் அது ஆய்வுகூடத்தில் நிகழும் மாற்றம். மனித உடல் அதனைச் செய்யும் ஆற்றலற்றது. களிம்பைப் பூசிக்கொள்பவளுக்குக் கிடைப்பது கிழங்கே.

உடற்பருமனுக்கு விற்கப்படும் 'இயற்கை' மருந்துகளின் கதை இதனினும் மோசமானது. தென்னிலங்கையில் மீன்கறிக்கு இடும் கறுத்த கொறக்காய்ப் புளியை எவரும் அறிவர். அதன் இனத்ததாகிய ஒரு பழத்தின் தோலிலிருந்து எடுத்த அமிலம் மாத்திரையாகி, மெலிவிக்கும் மருந்தென உலகெங்கும் விலைபோகின்றது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் வெளிவந்த ஆய்வில் 135 பேர் பன்னிரண்டு வாரங்கள் பங்குகொண்டனர்; அம்மாத்திரையை உட்கொண்டோர், வெற்று மாத்திரையை உட்கொண்டோரிலும் கூடுதலாக மெலியவில்லை. இத்தகைய மாத்திரைகளால் ஈரல் பழுதுற்ற நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. கறியில் இடும் புளி குற்றமற்றது. குற்றம் செறிவிலும் நம்பிக்கையிலும் உள்ளது. மேலும், 'சிபுற்றமின்' என்னும் பசியடக்கும் மருந்து இதயத்துக்கும் மூளைக்கும் தீங்கு விளைப்பதாகக் கண்டு 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. அதன் பின்னரும் மூலிகை என்று முத்திரையிட்ட மெலிவு மருந்துகளில் அது மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

பெண்கள் இத்தகைய போத்தல்களை நாடுவதற்கு மருத்துவ உலகமும் ஒரு காரணம் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1966இல் நியூயோர்க் மருத்துவர் றொபேட் வில்சன் என்பவர், மாதவிடாய் நின்ற பெண்ணை ஓமோன் குறைபாட்டு நோயாளி என வருணித்து, ஈஸ்திரசனால் என்றும் பெண்மையோடு இருக்கலாம் என்று ஆசைகாட்டி ஒரு நூல் எழுதினார். அப்பெண்ணை அவர் வருணித்த முறையில் இரக்கம் குறைவு; இளக்காரம் மிகுதி. உலாப் புலவரின் அளவுகோலே வெள்ளைச் சட்டை அணிந்து வந்தது எனலாம். பின்னர் 2002 யூலையில், 16,608 பெண்கள் பங்குகொண்ட பேராய்வு ஒன்று இடைநடுவே நிறுத்தப்பட்டது. இருவகை ஓமோன்களையும் சேர்த்து உட்கொண்டோரிடத்து மார்புப் புற்றுநோயும் பாரிசவாதமும் குருதி உறைதலும் கூடியிருந்தமையே காரணம். உலகெங்கும் பெண்கள் அச்சத்தோடு மாத்திரைகளைக் கைவிட்டனர். அவ்வாய்வில் பங்குகொண்டோரின் சராசரி வயது அறுபத்துமூன்று என்ற செய்தி அச்சத்தின் இரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று. அறுபது வயதுக்குட்பட்டவர்கள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கடவாதவர்கள், வேறு தடை இல்லாவிடின், கடுஞ் சூட்டெழுச்சிக்கு ஓமோன் சிகிச்சையைப் பெறுவதில் தீங்கிலும் நன்மை கூடுதல் என்பதே இன்று மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. மார்புப் புற்றுநோய் கண்டோர்க்கு இது பொருந்தாது. அவர்கள் போன்றோருக்காக, வெப்ப மையத்தின் நரம்புக் கலங்களை நேரே அமைதிப்படுத்தும் ஓமோனற்ற மருந்தொன்று 2023 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனின், மருந்தின்றி வாழ விரும்புவோர் செய்யத்தக்கது யாது?

யப்பானியப் பெண்களிடத்துச் சூட்டெழுச்சி குறைவு என்று மாக்கிறற் லொக் என்ற மானிடவியலாளர் 1993இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். யப்பானிய மொழியில் அவ்வுணர்வுக்கெனத் தனிச்சொல் இல்லை என்பதையும் அவர் குறித்தார். மேனாட்டு வணிகர் அந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டது சோயாவை மட்டுமே. அவர்கள் உண்ணும் உணவு முழுவதையும், நடையையும், வாழ்க்கை முறையையும், முதுமையைப் பற்றிய கருத்தையும் விட்டுவிட்டு, ஒரு விதையின் சாரத்தைப் போத்தலில் அடைத்தனர். சோயா பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டே நிற்கின்றன. 'பிளாக் கொஹோஷ்' என்ற அமெரிக்க மூலிகை 2006இல் வெளியான ஓராண்டு ஆய்வில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. இத்தகைய ஆய்வுகளில் வெற்று மாத்திரை உட்கொண்டோருக்கும் தொல்லை கணிசமாகக் குறைவது வழக்கம். இதனை ஏமாற்று என்று தள்ளிவிடலாகாது. ஒருவர் வாரந்தோறும் வந்து, 'இரவு உறங்கினீர்களா' என்று கேட்டு எழுதிச் செல்வதும் அவ்வாய்வின் பகுதியன்றோ?

வட அமெரிக்க மெனோபோஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கை இவ்விடயத்தில் வியப்பளிப்பது. ஓமோனற்ற வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப்பார்த்து, மூலிகை, சோயா, அக்குபங்சர் ஆகியவற்றோடு யோகாசனத்தையும் உடற்பயிற்சியையும் கூடச் சூட்டெழுச்சிக்கு மருந்தாகப் பரிந்துரைக்க அது மறுத்துவிட்டது. அது ஏற்றுக்கொண்டவற்றுள் அறிகை நடத்தைச் சிகிச்சையும், மருத்துவ முறையிலான அறிதுயிலும், உடல் எடைக் குறைப்பும் அடங்கும். முதலாவது, சூடு வரும்போது மனத்தில் எழும் 'எல்லாரும் பார்க்கின்றனர்' என்ற பதற்றத்தைப் பேச்சினாலும் பயிற்சியினாலும் தணிக்கும் முறை. சூட்டெழுச்சியின் எண்ணிக்கையை அது பெரிதும் குறைப்பதில்லை. அது தரும் துன்பத்தைக் குறைக்கின்றது. ஆக, சான்றுகளோடு எஞ்சுவனவற்றுள் ஒன்று பேச்சு. 'ஆருக்கும் சொல்லித் திரியாதை' என்பது எந்த மருந்துக்கு எதிரான அறிவுரை என்பது இப்போது விளங்கும்.

உடற்பயிற்சி சூட்டைத் தணிக்காவிடினும் வேறு பலவற்றைத் தருகின்றது. அதைச் சொல்வதற்கு முன்னர் எடை ஏறுவதன் காரணத்தை நோக்குதல் நன்று. ஐம்பதில் உடல் எரிபொருளைச் செலவிடும் வேகம் தானாகவே குறைந்துவிடுகின்றது என்பது பரவலான எண்ணம். 2021இல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளிவந்த ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைக் கொண்டு இதனை மறுத்தது. உடலின் கொழுப்பற்ற பகுதிக்கு ஈடுசெய்து பார்த்தால், இருபது வயதிலிருந்து அறுபது வரை அவ்வேகம் மாறாதிருக்கின்றது. மாதவிடாய் நிற்றலாலும் மாறுவதில்லை. மாறுவன வேறு. தசை குறைகின்றது. கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம்பெயர்கின்றது. உறக்கம் குன்றியவருக்குப் பசி கூடுகின்றது. தென்னாசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றரைக் கடந்தாலே நீரிழிவும் இதய நோயும் அணுகும் அபாயம் உண்டு. சட்டை இறுகியதைப் பற்றிய கவலை அழகைப் பற்றியதாக இருக்கலாம். இருக்க வேண்டியது குருதிச் சீனியைப் பற்றியது.

இனி அடுக்களைக்குள் நுழைந்தால் அங்கே மருந்தும் உண்டு, நோயும் உண்டு. முருங்கையிலை, எள்ளு, குரக்கன், முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியவற்றில் எலும்புக்கு வேண்டிய கல்சியம் நிறைய இருக்கின்றது. மாதவிடாய் நின்ற முதற் சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்வதால் இவற்றின் தேவை கூடுகின்றது. ஒடியற் கூழில் மீனும் பயற்றங்காயும் கீரையும் ஒன்றுகூடுவதுபோற் சமநிலை வாய்ந்த உணவு வேறில்லை என்று சொல்லத் தோன்றும். அதனை வாரத்தில் ஒருநாளாவது காய்ச்சும் வீடுகள் அருகிவிட்டன. மறுபக்கத்தில், காலையில் இடியப்பம், நண்பகலில் குவித்த சோறு, இரவில் புட்டு என மாவும் அரிசியுமாகவே ஒருநாள் கழிகின்றது. இடையிடையே சீனி போட்ட பால்தேநீர். பருப்போ மீனோ முட்டையோ போதிய அளவில் அவள் தட்டை அடைவதில்லை. மீனின் நடுத்துண்டு எவருக்கென்பது முன்னரே தீர்மானிக்கப்பட்ட விடயம். எல்லாரும் உண்ட பின், சட்டியில் எஞ்சிய புட்டையும் பிள்ளை மிச்சம் வைத்ததையும் 'வீணாய்ப் போகும்' என்று உண்பவள் அவளே. ஒரு குடும்பத்தின் மிச்சமெல்லாம் ஒருத்தியின் இடுப்பிற் சேருவதை ஓமோனின் செயல் என்று மட்டும் கூறுதல் முறையாகாது.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். கேதார கௌரி விரதத்தின் இருபத்தொரு நாட்களும் கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் உடல் எடையைக் குறைத்துவிடும் என்று நம்புவோர் உளர். பகல் முழுதும் பட்டினி கிடந்து, மாலையிற் பாயாசமும் வடையும் வாழைப்பழமும் உண்டு உறங்குபவருக்குக் குறைவது பெரும்பாலும் தசையே. பக்தியின் பயன் வேறு. அதனை எடையால் அளப்பது இருசாராருக்கும் நீதியன்று.

முன்னைய தலைமுறைப் பெண்கள் உரலும் உலக்கையும் துலாவுமாக உழைத்தமையால் மெலிந்திருந்தனர் என்று பெருமை பேசுவாரும் உண்டு. அவ்வுழைப்பில் இடுப்பொடிந்தவர்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. இருப்பினும், துவிச்சக்கர வண்டியில் பாடசாலைக்கும் சந்தைக்கும் சென்ற யாழ்ப்பாணத்துப் பெண் இன்று ஸ்கூட்டியிற் செல்கின்றாள் என்பது உண்மை. தசையைக் காப்பதற்கு நடையுடன், பாரம் தூக்கும் பயிற்சியும் வாரத்தில் இருமுறை வேண்டும். தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்கள் தொடக்கத்துக்குப் போதுமானவை. இதனைச் சொல்வது எளிது. ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி விடியற்காலையில் தனித்து நடந்தால், நாய்களையும் இருளையும் மட்டுமன்றி, மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்கும் கண்களையும் கடக்க வேண்டியுள்ளது.

மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடையைப் பரிந்துரைப்பது கேலியாகவே முடியும். பாரம் தூக்குவது அவளது தொழில். நிறுவைக்கு ஏற்பக் கணக்குப் பார்க்கும் நாளில், மலைச்சரிவில் மறைவிடமுமின்றி, அளவு கடந்த உதிரப்போக்கோடு நிற்பவளுக்கு வேண்டியது ஒரு கழிப்பறையும் இரும்புச்சத்தும் ஒருநாள் ஓய்வும். இவற்றை எந்தப் பட்டியலும் இயற்கை மருத்துவம் என்று குறிப்பிடுவதில்லை.

வடக்கில் இன்னொரு வகையினர் உளர். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்புருவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாருள் பலர் இவ்வயதினர், அல்லது இவ்வயதை அவ்வீதியோரத்திலேயே கடந்தவர்கள். அத்தகைய ஒரு தாய் இரவில் உறங்கவில்லை என்றால், அது துயரத்தால் என்பதே அனைவரதும் முடிவு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் துயரத்தைக் காரணங்காட்டி உடலை விசாரியாது விடுவதும், பிறிதொருத்தியிடத்து உடலைக் காரணங்காட்டித் துயரத்தை விசாரியாது விடுவதும் ஒரே வகைப்பட்ட சோம்பலே.

இலங்கையின் அரச சுகாதார சேவை இவ்வயதுப் பெண்களுக்கென 1996இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. சுகவனிதையர் கிளினிக் என்பது அதன் பெயர். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினூடாக அதனைக் கட்டணமின்றி அணுகலாம். குருதி அமுக்கமும் சீனியும் எடையும் பார்க்கப்படுகின்றன. மார்பும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கப்படுகின்றன. இது ஏன் அவசியமெனின், இயற்கை என்ற பெயரில் மறைந்திருக்கக்கூடியன சில உள. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் அது பரிசோதிக்கப்பட வேண்டியது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். சோர்வும் எடை ஏற்றமும் தைரொயிட் சுரப்பி குன்றியதன் விளைவாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு குருதிப் பரிசோதனையும் ஒரு சிறு மாத்திரையும். அதை அறியாது ஓராண்டு மூலிகை குடித்தவருக்குப் போனது ஓராண்டு.

மேற்சொன்ன ஆசிரியை அக்கிளினிக்குக்குச் சென்றமைக்கு ரொறன்ரோ மாத்திரை காரணமன்று. பாடசாலைக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் மாணவியருக்கு மாதவிடாய் பற்றி விளக்கிவிட்டுப் புறப்படுகையில், "ரீச்சர், உங்களுக்கு நித்திரை ஒழுங்காய் வருதோ?" என்று கேட்டார். அவ்வளவே. எவரும் கேளாத கேள்வி அது என்பதால் ஆசிரியைக்கு அழுகை வந்தது. தைரொயிட் சரியாக இருந்தது. சீனி எல்லையைத் தொட்டிருந்தது. ஓமோன் சிகிச்சை பற்றி வைத்தியர் இருபக்கமும் எடுத்துரைத்தார். அவர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அம்முடிவு அவருடையது. சோற்றைப் பாதியாக்கிக் கறியை இரட்டித்தார். இரவு உணவை ஏழு மணிக்கு முன் முடித்தார். பருத்திச் சேலைகளுக்கு மாறினார். படுக்கையை யன்னலோரம் நகர்த்தினார். எட்டு மாதங்களில் நான்கு கிலோகிராம் குறைந்தது. சூடு நிற்கவில்லை, வகுப்பில் அது வரும்போது, "பொறுங்கோ பிள்ளையள், ஒரு நிமிசம்" என்று சொல்லி யன்னலருகே போய் நிற்கப் பழகிக்கொண்டார். மாணவியர் அதை விசித்திரமாகக் கருதவில்லை.

நான்கரை மணி அடுப்புத்தான் கடினமாக இருந்தது. இரண்டு மணிக்கு விழிப்பவர் நான்கரைக்கு எழுவதாயின் வேறெந்த ஏற்பாடும் பயன்தராது என்று வைத்தியர் கணவரை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். திங்களும் வியாழனும் காலைச் சமையல் மகனுக்கும், செவ்வாயும் வெள்ளியும் மகளுக்கும், புதன் கணவருக்கும் என்று பங்கிடப்பட்டது. மகன் பிழிந்த இடியப்பம் முதற் கிழமை முழுவதும் கயிறுபோல் தடித்தே வந்தது. எவரும் முறைப்பாடு செய்யவில்லை.